மேனி சொல்லும் செய்தி

மன்னார்க் கடலின் பெயரை உலகறியச் செய்தது முத்து. அரிப்பிலும் சிலாவத்துறையிலும் முத்துக்குளிப்பு நடந்த காலத்திலே, குளிப்புத் தொடங்குமுன் பார்களிலிருந்து சிப்பிகள் சிலவற்றை மாதிரிக்கு எடுப்பார்கள். அவற்றைத் திறந்து, உள்ளே அகப்பட்ட முத்துக்களை மதிப்பிட்ட பின்னரே அவ்வாண்டு குளிப்பு நடத்தலாமா என்று முடிவு செய்வார்கள். சிப்பியின் மேலோட்டைப் பார்த்து உள்ளே முத்திருக்கிறதா என்று சொல்வது எவ்வளவு தேர்ந்த குளிகாரனுக்கும் இயலாத காரியம். அதனாலேயே அந்த ஏற்பாடு.

மனித உடலைப் பற்றியும் பெரும்பாலும் இவ்வாறே சொல்லலாம். ஈரலில் என்ன நடக்கிறது, குடலில் என்ன வளர்கிறது என்பதைப் புறத்தோல் வெளியிடுவதில்லை. ஆயினும் இப்பொதுவிதிக்கு விலக்கான நோய்கள் சில உண்டு. அவற்றுள் ஒன்றில், உள்ளே நேரக்கூடிய இடர்களுக்கான முன்னறிவிப்பு மேனியிலேயே குழந்தைப் பருவந்தொட்டு எழுதப்பட்டிருக்கும். படிக்கத் தெரிந்தவர் படிக்கலாம். ஆனால் அச்செய்தி படிக்கப்படாமற் போவதே வழக்கமாக இருக்கிறது. அந்நோயைப் பற்றியும், அது ஈரலையும் பித்தக்கானையும் தாக்கும் வகைகளைப் பற்றியும், மன்னார்த் தீவிலும் அதனை அடுத்த கரையிலும் வாழ்வோர் அறிந்துகொள்ள வேண்டியவற்றை இப்பேச்சு எடுத்துக் கூறும்.

அந்நோயின் பெயர் நியூரோபைப்ரோமற்றோசிஸ் என்பது. நரம்பு நார்க்கட்டி நோய் என்று தமிழிற் கூறலாம். இதில் வகைகள் உண்டு. மிகுதியாகக் காணப்படுவது முதலாம் வகை. உலகெங்கும் ஏறத்தாழ 3,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற வீதத்தில் அது தோன்றுகிறது. இனம், மதம், நாடு, ஆண், பெண் என்ற வேறுபாடு அதற்கில்லை.

இந்நோயின் குறிகளை நம் ஊர்களில் பலர் கண்டிருப்பர், பெயர் அறியாதிருப்பர். குழந்தை பிறந்த சில மாதங்களிலேயே, பால் கலந்த கோப்பி நிறத்தில் தட்டையான புள்ளிகள் உடம்பிலே தோன்றும். ஒன்றிரண்டு புள்ளிகள் எவருக்கும் இருக்கலாம், அதனால் அச்சமில்லை. ஆறோ அதற்கு மேலோ இருந்து, சிறுவரில் ஒவ்வொன்றும் 5 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட அகலமுடையதாயின் கவனிக்க வேண்டும். வளர்ந்தவரில் அவ்வளவு 15 மில்லிமீற்றர். பின்னர் அக்குளிலும் தொடையிடுக்கிலும் சிறு சிறு கரும்பொட்டுகள் எழும். பருவமடையும் வயதளவில், தோலிலும் தோலின் கீழும் மெத்தென்ற கட்டிகள் தோன்றத் தொடங்கும். விரலால் அழுத்தினால் உள்ளே அமிழ்ந்து, விட்டதும் மேலெழும். ஊரார் அவற்றை மரு என்பர், கழலை என்பர். கண்ணின் கருவிழித் திரையில் மிகச் சிறிய பழுப்புநிற முடிச்சுகளும் காணப்படும். அவற்றைக் கண் வைத்தியர் தமது கருவியால் பார்த்துச் சொல்வார். இத்தகைய குறிகளில் இரண்டு சேர்ந்திருந்தாலே பெரும்பாலும் நோயைத் தீர்மானிக்கலாம்.

இக்கட்டிகள் நரம்புகளிலிருந்து தோன்றுகின்றன என்பதை 1882 ஆம் ஆண்டில் தெளிவாக நிறுவியவர் ஸ்ற்றாஸ்பேர்க் நகரப் பேராசிரியர் பிரீட்றிக் வொன் ரெக்லிங்ஹவுசன். அவருக்கு முன்னரே, 1849 இல், டப்ளின் நகரத்து வைத்தியர் றொபேட் ஸ்மித் இத்தகைய நோயாளரைப் பற்றி நூல் எழுதியிருந்தார். எனினும் நோய்க்கு வேர் எங்கே என்ற வினாவுக்கு விடை 1990 ஆம் ஆண்டிலேயே கிடைத்தது. உடலின் ஒவ்வொரு கலத்திலும் உள்ள நிறமூர்த்தங்களில், பதினேழாவதில் அமைந்த ஒரு பரம்பரையலகு பழுதடைவதே காரணம் என்று அமெரிக்க ஆராய்ச்சியாளர் குழுக்கள் இரண்டு அவ்வாண்டில் கண்டறிந்தன. கலங்கள் அளவுக்கு மீறிப் பெருகாதவாறு தடுக்கும் ஒரு புரதத்தை அந்த அலகு ஆக்குகிறது. வண்டிக்குத் தடை எப்படியோ அப்படிக் கலத்துக்கு அப்புரதம். தடை தளர்ந்தால் வண்டி ஓடும். இங்கே நரம்பைச் சூழ்ந்த கலங்கள் பெருகிக் கட்டியாகின்றன.

இந்த உண்மையை அறிந்தால், ஊரிலே வழங்கும் பல பேச்சுகள் தாமாகவே விழுந்துவிடும். தாய் கருவுற்றிருந்தபோது கிரகண நிழல் பட்டதனால் இப்புள்ளிகள் வரவில்லை. எவர் செய்த பாவத்தினாலும் வரவில்லை. மைத்துன உறவில் மணஞ்செய்ததனாலும் வரவில்லை. ஏனெனில் இந்நோய்க்குத் தாய் தந்தை இருவரும் பழுதடைந்த அலகைத் தரவேண்டும் என்பதில்லை, ஒருவர் தந்தாலே போதும். நோயுடைய ஒருவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்கும் வராதிருப்பதற்கும் சரிபாதி வாய்ப்பு உண்டு. நோயாளரிற் பாதிப்பேருக்கோ பெற்றோர் இருவரிடமும் நோயில்லை. பழுது அவர்களிடத்திலேயே புதிதாகத் தோன்றியது. ஆகவே யாரையும் குற்றஞ் சொல்வதற்கு இடமில்லை.

இன்னொரு பேச்சு இதனிலும் கொடியது. மேனியிலே கட்டிகளைக் கண்டதும் குட்டநோய் என்று விலகுவோர் உளர். இலங்கையிலே 1708 இல் ஒல்லாந்தர் ஹெந்தளையில் குட்டநோயாளரை ஒதுக்கி வைக்க வைத்தியசாலை அமைத்தனர். மட்டக்களப்பு வாவியிலுள்ள மாந்தீவும் பிற்காலத்தில் அத்தேவைக்குப் பயன்பட்டது. ஒதுக்கி வைக்கும் அச்சம் அவ்வளவு பழையது; இன்று குட்டநோயையே மருந்தினால் முற்றாகக் குணப்படுத்தலாம் என்ற பின்னரும் அச்சம் போகவில்லை. நரம்பு நார்க்கட்டி நோயோ தொற்றுநோயே அன்று. ஒரே படகில் தொழில் செய்வதனாலும், ஒரே கிண்ணத்தில் உண்பதனாலும், தொட்டுத் தூக்குவதனாலும் அது ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் செல்லாது.

இனி ஈரலுக்கு வருவோம். வயிற்றின் வலப்புறத்தே விலாவெலும்புகளின் அடியில் அமைந்த ஈரல், வளர்ந்தவரிலே ஒன்றரைக் கிலோக் கிராம் வரை நிறையுடையது. உண்ட உணவிலிருந்து உறிஞ்சப்பட்ட சத்துக்கள் வாயினாளம் என்னும் பெருங்குழாய் வழியே அதற்குள் நுழைகின்றன. ஈரல் நாள்தோறும் அரை இலீற்றர் முதல் ஓர் இலீற்றர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. ஈரலுக்குள் இருக்கும் எண்ணற்ற நுண்கான்கள் ஒன்றுசேர்ந்து ஒரு பித்தக்கானாகி, கீழிறங்கி, சதையியின் கானோடு கூடி, முன்சிறுகுடலின் சுவரிலுள்ள ஒரு சிறு வாயிலே திறக்கின்றன. அவ்விரு கான்களும் கூடுமிடத்தை 1720 இல் விவரித்த ஜெர்மானிய உடற்கூற்றறிஞர் ஆபிரகாம் வாட்டரின் பெயராலேயே வைத்தியர் அதனை இன்றும் அழைப்பர். அப்பித்தக்கானின் அகலம் வழமையாக ஏறத்தாழ 6 மில்லிமீற்றரே. ஓர் இலீற்றர் நீர் நாள்தோறும் கடந்து செல்லும் வழி அவ்வளவு ஒடுக்கமானது.

வாயினாளம், ஈரல்நாடி, பித்தக்கான் என்னும் மூன்றும் ஈரலின் வாயிலில் ஒரே கட்டாக அமைந்துள்ளன. ஈரலுக்குள்ளும் அவை ஓர் உறையினுள்ளே ஒன்றாகவே கிளைத்துச் செல்கின்றன. அவ்வுறையை 1654 இல் ஆங்கில வைத்தியர் பிரான்சிஸ் கிளிசன் எழுதிக் காட்டினார். நேயர்கள் இங்கே கவனிக்க வேண்டியது, ஈரலுக்குச் செல்லும் நரம்புகளும் அதே கட்டோடு இழைந்தே செல்கின்றன என்பதுதான். நரம்பு உள்ள இடமெல்லாம் நரம்புக்கட்டி தோன்றுவதற்கும் இடமுண்டு. ஈரலுக்கு இந்நோயினால் வரும் துன்பத்தின் மூலம் இந்த அமைப்பிலேயே இருக்கிறது.

அத்துன்பம் இரு வழிகளில் வரும்.

முதலாவது, வாயிலை வளைத்துக்கொள்ளும் கட்டி. தோலிலே தோன்றும் தனிக்கட்டிகளைப் போலன்றி, ஒரு நரம்பின் பல கிளைகளிலும் ஒருசேரப் பரவிப் பின்னிக்கிடக்கும் கட்டி ஒருவகை உண்டு. வங்காலைக் கரையோரத்துக் கண்டற் காட்டிலே வேர்கள் ஒன்றோடொன்று பிணைந்து நீரோடும் வாயைச் சூழ்ந்திருப்பதைக் கண்டவர்களுக்கு இதன் தோற்றத்தை விளக்கத் தேவையில்லை. அத்தகைய பின்னற்கட்டி ஈரலின் வாயிலில் வளருமாயின், வாயினாளத்தையும் பித்தக்கானையும் சூழ்ந்து, கிளிசன் காட்டிய உறையின் வழியே ஈரலின் உள்ளேயும் புகும். அது மெல்ல வளர்வது. பல ஆண்டுகள் யாதொரு தொல்லையும் தராமல், வேறு காரணத்துக்காக வயிற்றைப் படமெடுக்கும்போது தற்செயலாகக் காணப்படுவதும் உண்டு. பித்தக்கானை அது நெருக்கினால் காமாலை வரும். வாயினாளத்தை நெருக்கினால் இரத்தம் தேங்கி, மண்ணீரல் வீங்கி, உணவுக்குழாயின் நாளங்கள் புடைத்து, ஒருநாள் இரத்த வாந்தியாக வெளிப்படவுங் கூடும்.

இரண்டாவது, வாட்டர் விவரித்த அந்தச் சிறு வாயிலோ அதன் அருகிலோ முன்சிறுகுடலில் தோன்றும் கட்டி. இது நரம்பு நார்க்கட்டி அன்று. ஓமோன் சுரக்கும் கலங்களிலிருந்து எழும் வேறு இனம். பொதுமக்களிடையே மிக அரிதான இக்கட்டி, நரம்பு நார்க்கட்டி நோயுடையவர்களிடத்தே அவ்வளவு அரிதன்று. சோமற்றோஸ்ரற்றின் என்னும் ஓமோனை அது கொண்டிருக்கும். ஆயினும் ஓமோன் மிகுதியால் வரும் நீரிழிவு முதலிய குறிகள் இவர்களிடம் பெரும்பாலும் தோன்றுவதில்லை. கட்டி எப்போது வெளிப்படும் எனில், அந்த ஒடுங்கிய வாயை அடைத்துக் காமாலையை உண்டாக்கும்போதுதான். அது புற்றுத் தன்மையுடையதாகி அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் பரவவுங் கூடும். ஆதலால் காலந்தாழ்த்துவது இங்கே பெருங்கேடு. சிறுகுடலில் வேறுவகைக் கட்டிகளும் இந்நோயாளரிடம் தோன்றுவதுண்டு. அவை உட்புறமாக இரத்தங் கசிந்து, மலத்தைத் தார்போலக் கறுப்பாக்கி, ஆளைச் சோகை பிடிக்கச் செய்யும்.

இவையெல்லாம் எங்கோ தொலைவில் நடப்பவை என்று எண்ணாதிருக்கும் பொருட்டு, பேசாலைக் கரையில் வாழும் ஒரு கடற்றொழிலாளியை நேயர்கள் மனக்கண்முன் நிறுத்திக்கொள்வார்களாக. அவர் கற்பனை மனிதரே. ஆயினும் அவருடைய கதையில் வருவன யாவும் நிகழக் கூடியனவே.

அவருக்கு வயது நாற்பத்தைந்து. இளமையிலேயே மார்பிலும் முதுகிலும் சிறு கட்டிகள் எழத் தொடங்கின. இப்போது அவற்றை எண்ணி முடியாது. இடுப்பின் மேலே உள்ளங்கையளவு பழுப்புப் புள்ளி ஒன்றும், அதைவிடச் சிறியன பலவும் உள்ளன. வலை இழுக்கும்போதும், வாடியில் மீன் தெரியும்போதும் வெற்று மேனியோடேயே நிற்பார். கூடத் தொழில் செய்வோர் அவற்றைப் பார்த்துப் பழகிவிட்டனர். நோவில்லாத காரணத்தால் அவர் வைத்தியரிடம் சென்றதுமில்லை.

ஒருநாள் அவருடைய கண்கள் மஞ்சளித்திருப்பதை மனைவி காண்கிறாள். மாமியார் கண்டதும், "இது செங்கமாரிதான் மருமகன்; கீழ்காய் நெல்லி அரைத்துத் தாறன், பத்தியங் காத்தாற் போதும்" என்கிறார். மாமியார் சொன்னதில் அனுபவம் இல்லாமலில்லை. வட இலங்கை மக்கள் காமாலையை அறியாதவரல்லர். 2009 ஆம் ஆண்டில், போரினால் இடம்பெயர்ந்த மக்கள் வவுனியா மாவட்டத்து முகாம்களில் நெருங்கி வாழ்ந்தபோது, நீராலும் உணவாலும் பரவும் ஏ வகை ஈரலழற்சி அங்கே பரவியது. அந்நோய் பெரும்பாலும் சில கிழமைகளில் தானே தணிவது. தணிந்தபோது அக்காலத்தில் எந்த மூலிகையை உண்டார்களோ அதற்கே புகழ் சேர்ந்தது. கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் வயல்களில் இறங்குவோருக்கு எலிக்காய்ச்சலாலும் காமாலை வரும். அது தானே தணியுமென்று காத்திருக்கத்தக்க நோயன்று. ஆகக் காமாலை என்பது ஒரு நோயின் பெயரன்று; பல நோய்களுக்கு அது பொதுவான கொடி. கொடியைப் பார்த்து எந்தக் கப்பல் என்று அறிய வேண்டுமே தவிர, கொடிக்கு மருந்து கொடுப்பதிற் பயனில்லை.

மூன்று கிழமை செல்கிறது. மஞ்சள் குறையவில்லை, நாளுக்கு நாள் ஆழ்ந்து வருகிறது. சிறுநீர் கடுஞ்சாய வெறுந்தேநீர் போலிருக்கிறது. மலமோ நிறமிழந்து வெண்களிமண்ணை ஒத்திருக்கிறது. இரவிலே உடம்பெங்கும் அரிப்பு; உறங்க முடியவில்லை. மலத்துக்கு நிறந்தருவது பித்தம். அது குடலை அடையாமையால் மலம் வெளிறியது. இரத்தத்தில் ஏறிச் சிறுநீர் வழியே வெளியேறுவதால் சிறுநீர் கறுத்தது. பித்தநீரோடு வெளியேற வேண்டிய பொருள்கள் உடலிலே தங்குவதால் அரிப்பு உண்டாயிற்று. பித்தம் இல்லாத குடலில் கொழுப்பு செரியாது. கொழுப்பிற் கரையும் உயிர்ச்சத்துக்களும் உறிஞ்சப்படா. அவற்றுள் கே என்னும் உயிர்ச்சத்துக் குறைந்தால் இரத்தம் உறையாது. சிறு காயத்திலும் குருதி நிற்காமல் ஓடும். ஈரலழற்சியிலும் மலம் சில நாள்களுக்கு வெளிறுவதுண்டு. எனவே இக்குறிகளை வைத்து வீட்டிலிருந்தபடி தீர்ப்புச் சொல்ல முடியாது. வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும் என்ற முடிவுக்கு மட்டும் அவை போதும். இவற்றோடு குளிர்நடுக்கத்துடன் காய்ச்சலும் வயிற்று வலியும் சேர்ந்தால், அடைபட்ட கானிலே கிருமி புகுந்துவிட்டது எனக் கொள்ளல் வேண்டும். அந்நாளே, அந்நேரமே புறப்பட வேண்டும்.

ஈற்றிலே மனைவியின் வற்புறுத்தலால் அவர் மன்னார் வைத்தியசாலைக்குப் புறப்படுகிறார். புறப்படுமுன் செய்யும் முதற்காரியம், பெட்டியிலிருந்து நீளக்கைச் சட்டையை எடுத்து, கழுத்துவரை பொத்தானிட்டு அணிந்துகொள்வது. கடற்கரையிலே எல்லாரும் கண்ட மேனியை, காண வேண்டிய ஒருவரிடம் போகும்போது மறைத்துக்கொள்கிறார். அது அவர் குற்றமன்று. பெரிய இடத்துக்குச் செல்வோர் மதிப்பாகச் செல்ல வேண்டும் என்பது ஊர் வழக்கம். மேனியைப் பார்த்துப் பிறர் முகஞ்சுளித்த நினைவும் உள்ளே உண்டு. நெருக்கடியான ஒரு காலை வேளையில், வரிசையிலே நிற்கும் நூறு பேருள் ஒருவராக, கண்ணையும் நாக்கையும் மட்டும் காட்டிவிட்டு அவர் திரும்பிவிடலாம். அவ்வாறாயின் அவர் உடம்பு எழுதிவைத்த செய்தி சட்டையின் உள்ளேயே தங்கிவிடும்.

அச்செய்தி வைத்தியருக்குக் கிடைத்தால் நடப்பது வேறு. "எனக்குச் சிறுவயது முதல் மேனியிலே கட்டிகளும் பழுப்புப் புள்ளிகளும் உண்டு" என்ற ஒரு வசனம் வைத்தியரின் சிந்தனையை மூன்று திசைகளில் திருப்பும்.

முதலாவதாக, காமாலைக்கான பொதுவான காரணங்களோடு ஈரல் வாயிலின் பின்னற்கட்டியையும் முன்சிறுகுடலின் கட்டியையும் அவர் நினைவிற் கொள்வார். இரத்தச் சோதனையின் பின், ஒலியலையால் வயிற்றினுள்ளே பார்க்கும் ஸ்கான் பித்தக்கான் வீங்கியிருக்கிறதா என்பதைக் காட்டும். வீங்கியிருந்தால், அடைப்பு எவ்விடத்தில் என்பதை எம்.ஆர்.ஐ. படமோ, வாய்வழியே முன்சிறுகுடல்வரை செலுத்தப்படும் உள்நோக்குக் குழாயோ தெரிவிக்கும். அக்குழாயின் வழியாகவே, அடைபட்ட கானுக்குள் ஒரு சிறு குழலை வைத்துப் பித்தநீர் வடிய வழி செய்யவும் கூடும்.

இரண்டாவதாக, எதையும் வெட்டுமுன் அவர் இரத்த அழுத்தத்தை அளப்பார். நரம்பு நார்க்கட்டி நோயுடையவர் சிலரிடத்தே, சிறுநீரகங்களின் மேல் அமைந்த சுரப்பியில், அதிரினலின் முதலிய ஓமோன்களை மிகையாகச் சுரக்கும் ஒரு கட்டி மறைந்திருக்கும். திடீர்த் தலையிடி, நெஞ்சுப் படபடப்பு, வேர்வை, ஏறியிறங்கும் இரத்த அழுத்தம் என்பன அதன் குறிகள். குறியே இல்லாமலும் இருக்கும். அதனை அறியாமல் மயக்கமருந்து கொடுத்துச் சத்திரசிகிச்சை தொடங்கினால் இரத்த அழுத்தம் எல்லை மீறி உயர்ந்து உயிருக்கே இறுதியாகலாம். அறிந்து, முன்கூட்டியே உரிய மருந்துகளைக் கொடுத்து ஆயத்தஞ் செய்தால், அதே சிகிச்சை பாதுகாப்பாக நிறைவேறும். சட்டைக்குள் மறைந்த செய்தியின் விலை எவ்வளவு என்பதற்கு இதனைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

மூன்றாவதாக, வெட்டுவதா விடுவதா என்பதை அவர் நிதானமாக எண்ணுவார். முன்சிறுகுடலில் கட்டியாயின் அதனை அகற்றுவதே பெரும்பாலும் தக்க வழி. சிறியதாயின் அதனை மட்டும் வெட்டியெடுக்கலாம். பெரியதாயின் சதையியின் தலைப்பகுதியோடு சேர்த்து எடுக்கும் பெருஞ் சத்திரசிகிச்சை வேண்டியதாகும். ஈரல் வாயிலைச் சூழ்ந்த பின்னற்கட்டியோ இலகுவில் எடுக்கத்தக்கதன்று. பெருநாளங்களோடு பின்னியிருப்பதாலும், இரத்தவோட்டம் மிகுந்ததாலும், முற்றாக அகற்ற முனைவது ஆபத்தைத் தரலாம். தொல்லை தராத கட்டியைப் படமெடுத்துக் காலந்தோறும் கண்காணித்து வருவதே பல சமயங்களில் அறிவுடைமை. ஆனால் நெடுங்காலம் அடங்கிக் கிடந்த ஒரு கட்டி திடீரென விரைந்து வளர்ந்தாலோ, கடினமானாலோ, இரவிலே உறக்கத்தைக் கெடுக்கும் நோவைத் தந்தாலோ, அது புற்றாக மாறியிருக்கலாம் என்ற ஐயத்தோடு உடனே சோதிக்க வேண்டும்.

அண்மைக் காலம்வரை பின்னற்கட்டிக்கு மருந்தென ஒன்று இருந்ததில்லை. 2020 ஆம் ஆண்டில், செலுமெற்றினிப் என்னும் மருந்தை, சத்திரசிகிச்சையால் அகற்ற முடியாத பின்னற்கட்டியுடைய சிறுவருக்குக் கொடுக்க அமெரிக்காவில் அனுமதி வழங்கப்பட்டது. அதற்கு ஆதாரமான ஆய்வில் 50 சிறுவர் பங்குபற்றினர். அவர்களில் ஏறத்தாழப் பத்தில் எழுவருக்குக் கட்டியின் பருமன் ஐந்திலொரு பங்கோ அதற்கு மேலோ சுருங்கியது. தளர்ந்துபோன தடைக்குப் பதிலாக, வேறோரிடத்திற் சக்கரத்தைப் பிடித்து நிறுத்துவது போன்றது அம்மருந்தின் தொழில். விலை மிக உயர்ந்தது. நோயை அடியோடு போக்குவதன்று. ஈரலின் நொதிகளை அதுவே உயர்த்தக் கூடுமாதலால் இரத்தத்தைச் சோதித்துக்கொண்டே கொடுக்க வேண்டும். ஈரல் நலிந்தவர்க்கு அளவைக் குறைக்கவும் வேண்டும். ஆயினும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கத்தியைத் தவிர வேறு கருவி இல்லாதிருந்த இடத்தில் ஒரு கதவு திறந்திருக்கிறது என்பது சிறிய செய்தியன்று.

இவ்வளவும் கேட்டபின் வேண்டாத அச்சங் கொள்ளுதல் ஆகாது. நரம்பு நார்க்கட்டி நோயுடையவரிற் பெரும்பாலோருக்கு ஈரலிலோ பித்தக்கானிலோ இத்தகைய இடர் வாழ்நாள் முழுவதும் வருவதில்லை. அவர்களுக்குக் காமாலை வந்தாலும், ஏனையோரைப் போலவே கிருமியாலோ, பித்தக்கல்லாலோ, மதுப்பழக்கத்தாலோ வந்திருக்கலாம். எல்லாவற்றையும் பழைய நோயின்மேற் சுமத்திவிட்டு இன்று வந்த நோயைக் காணாது விடுவதும் பிழையே. ஆகவே வேண்டுவது அச்சமன்று, நினைவு. வைத்தியர் நினைக்க வேண்டுமாயின் நோயாளர் சொல்ல வேண்டும்.

சொல்வதற்கு இந்நாட்டிலே வசதி இல்லாமலில்லை. அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். மன்னார் நகரிலே மாவட்டப் பொது வைத்தியசாலை உண்டு. அங்கிருந்து தேவைக்கேற்ப யாழ்ப்பாணம், அனுராதபுரம், கொழும்பு ஆகிய இடங்களின் பெரிய வைத்தியசாலைகளுக்கு அனுப்பிவைப்பர். ஈரல் நோய்களுக்கென ராகமையிலே வட கொழும்புப் போதனா வைத்தியசாலையைச் சார்ந்து சிறப்பு நிலையம் அமைந்துள்ளது. பரம்பரை நோய்களைப் பற்றிய ஆலோசனைக்குக் கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்திலும் பிரிவு உண்டு. தலைமன்னாரிலிருந்து ராகமை தொலைதூரந்தான். வள்ளத்தைக் கரையிலே விட்டு, ஒரு நாள் உழைப்பை இழந்து, துணைக்கு ஒருவரையும் அழைத்துச் செல்வது ஏழைக்கு இலகுவன்று. ஆனால் அடைப்பு முற்றிய பின் அதே வழியைத் தூக்குப்படுக்கையிற் கடப்பது அதனிலும் அரிது. மடு மாதாவுக்கு வைத்த நேர்த்தியும், பாலாவியில் நீராடித் திருக்கேதீச்சரத்தானை வேண்டுவதும், பள்ளிவாசலில் ஓதிய துஆவும் மனத்துக்கு வலிமை தருவன. அவை வைத்தியசாலை வழியை மறிப்பனவல்ல.

இன்னுமொன்று. காமாலை வரும் வயதுக்கு வெகு முன்னரே இந்நோயைக் கண்டுகொள்ளக்கூடிய இடங்கள் இரண்டு. ஒன்று வீடு; மற்றது பாடசாலை. குழந்தையைக் குளிப்பாட்டும் தாய், புள்ளிகளை எண்ணிப் பார்த்து, எடை பார்க்க வரும் குடும்ப நல மாதுவிடம் சொல்லலாம். பாடசாலையிலே இப்பிள்ளைகளிற் பாதிப்பேர் வரை வாசிப்பிலோ, கணக்கிலோ, கவனத்தை ஒருமுகப்படுத்துவதிலோ இடர்ப்படுவர். அவர்களைச் சோம்பேறிகள் என்று தண்டித்தல் அறமன்று. பாடத்தைச் சிறு சிறு பகுதிகளாக்கி, முன்வரிசையில் அமர்த்தி, சற்றுக் கூடிய நேரங் கொடுத்தால் அவர்கள் கற்பர். உடற்பயிற்சிக்குச் சட்டையைக் கழற்ற மறுக்கும் மாணவனைப் பிடிவாதக்காரன் என்று தீர்மானிக்குமுன், ஏன் மறுக்கிறான் என்று தனியே அழைத்து அன்போடு கேட்கும் ஆசிரியர், ஒருவேளை அவன் உயிரையே பிற்காலத்தில் காத்தவராவார். அவனைப் பட்டப்பெயர் சொல்லி அழைக்கும் மற்றப் பிள்ளைகளைத் திருத்துவதும் அவர் பொறுப்பே. சிறுவயதிற் கேட்ட ஏளனச் சொல்தான் நாற்பத்தைந்து வயதிலே நீளக்கைச் சட்டையாகிறது.

நோயுடையவர் ஆண்டுக்கொருமுறையேனும் வைத்தியரிடஞ் சென்று இரத்த அழுத்தத்தை அளந்துகொள்ள வேண்டும். பழைய கட்டிகளில் மாற்றமுண்டா என்று காட்ட வேண்டும். கண்ணோ சிறுநீரோ மஞ்சளித்தால், மலம் வெளிறினாலோ கறுத்தாலோ, காரணமின்றி உடல் மெலிந்தால், பத்தியத்துக்கு முன்னே வைத்தியரை நாட வேண்டும். நோயின் பெயரை ஒரு கடதாசியில் எழுதுவித்து, கிளினிக் கொப்பியின் முதற் பக்கத்தில் ஒட்டி வைத்துக்கொள்வதும் நன்று. நினைவிழந்து கிடக்கும் வேளையிலும் அது பேசும்.

பேசாலைக் கடற்றொழிலாளியின் கதையை முடிக்காமல் விடுதல் முறையன்று. கற்பனைக் கதையாதலால் முடிவு கேட்போர் கையில் இருக்கிறது. வரிசை நகர்ந்து அவருடைய முறை வருகிறது. வைத்தியர் கண்ணின் மடலைக் கீழிழுத்துப் பார்க்கிறார், நாக்கைப் பார்க்கிறார், எழுதுகோலை எடுக்கிறார். அப்போது பின்னே நிற்கும் மனைவி முன்வந்து, "இஞ்சாருங்கோ, சட்டையைக் கழற்றி ஐயாவுக்குக் காட்டுங்கோ" என்கிறாள். அவர் சற்றுத் தயங்குகிறார். பின்பு கழுத்துப் பொத்தானிற் கைவைக்கிறார். வைத்தியர் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வருகிறார்.